ஐந்து கிலோவுக்குள் ஒரு மலை

துணியைக் கண்ணால் பார்ப்பது ஏமாளியின் வேலை, விரலால் பார்ப்பதுதான் வியாபாரியின் வேலை என்பது தம்பிதுரையின் கட்சி. சென்னிமலையில் தறிகளும் ஈரோட்டில் போர்வைக் கடையும் வைத்திருக்கிறவர், ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் கட்சி மாறுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு விபூதி வைக்கக் கிட்டே போனால்கூட, அவர் கை அந்தச் சட்டை ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத்தான் திரும்பும். கெட்டித் துணியாக இருந்தால் முகம் மலரும். மெலிசாக இருந்தால், பாவம், அந்தச் சம்பந்தத்தின் மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

கனம்தான் அவருக்குத் தெய்வம். அதிலும் பொய்க் கனம் ஆகாது. போர்வைக்குக் கஞ்சியை வாரி ஏற்றி, கையில் எடுத்தால் கனக்கிற மாதிரி செய்துவிட்டு, ஒரே துவையலில் கந்தலாக்கிவிடும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. தம்பிதுரை அதை ஒருநாளும் செய்ததில்லை. "நம்ம போர்வைய ஆத்துல அலசிப்போட்டு நிறுத்துப் பாருங்க, அதே எடைதானுங்க நிக்கும்" என்று கேட்டவர்களிடமும் சொல்லுவார், கேட்காதவர்களிடமும் சொல்லுவார். இந்த வசனத்தை அதிகம் கேட்டவள் அவர் மனைவி புவனா.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் விதி கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில், ஒரு பட்டுக்கடையின் மாடியில், மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தது. கடைக்காரி ரிஃபத்துக்கு முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். கோட்டைமேட்டுப் பெண். இமயமலைப் பக்கம் அடிக்கடி போய் வருகிறவள் என்று சுவரில் இருந்த படங்கள் சொல்லின. மேஜைமேல் நகைக்கடையில் இருப்பது போன்ற சின்னத் தராசு ஒன்று. மேலே கொக்கியில் தொங்கும் தராசு ஒன்று. வேறு கடையில் துணியை மீட்டரில் அளப்பார்கள், இங்கே எல்லாவற்றையும் கிராமில் நிறுக்கிறார்களே என்று தம்பிதுரைக்கு முதலிலேயே ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணா, கண்ண மூடிட்டுக் கைய நீட்டுங்க" என்றாள் ரிஃபத்.

பிரசாதம் வாங்குகிற மாதிரி அவர் கையை நீட்டினார். காத்திருந்தார். பக்கத்தில் புவனா சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

"எப்ப வெப்பீங்க அம்மணி?"

"வெச்சு நேரமாச்சுங்ணா."

கண்ணைத் திறந்தார். உள்ளங்கையில் ஊதா நிறத்தில் ஒரு மேல்சட்டை, முழுக் கையோடு, தொப்பியோடு உட்கார்ந்திருந்தது. முப்பது வருஷமாகத் துணியைத் தொட்டே சோறு தின்கிற கை அது. அந்தக் கைக்கே தெரியாமல் ஒரு துணி வந்து இறங்கியிருக்கிறது.

சட்டைப் பையில் மற்றவர்களுக்குப் பேனா இருக்கும் இடத்தில் அவருக்கு இழை எண்ணும் கண்ணாடி இருக்கும். அதை எடுத்துத் துணிமேல் வைத்துக் குனிந்தார். நீளத்துக்கு ஓடும் பாவு எது, குறுக்கே ஓடும் ஊடை எது என்று பிரிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. எண்ணத் தொடங்கினார், விட்டார், மறுபடி தொடங்கினார், பிறகு எண்ணுவதையே நிறுத்திவிட்டார். இழை முடியைவிட மெலிசு. ஆனால் ஒன்றோடொன்று அப்படி நெருங்கி நிற்கிறது, ஊசி நுழைய இடமில்லை. இந்த நூலை அறுந்துபோகாமல் எந்தத் தறியில் ஓட்டினான், எவன் ஓட்டினான், அவன் பொறுமை எப்படிப்பட்டது. கோயிலில் திரை விலகும்போது பேச்சை நிறுத்திவிட்டு நிற்போமே, அப்படி நின்றுவிட்டார் மனிதர்.

"உள்ளாற என்னங்க வெச்சிருக்கு?"

"வாத்தோட நெஞ்சு முடிங்ணா. பனி ஏரியில வாத்து நாளெல்லாம் மெதக்குது. குளிருதுன்னு எப்பவாச்சும் சொல்லிருக்குதா?"

அதற்குள் உள்ளங்கை கதகதவென்று ஆகிவிட்டது. ஒரு முழுத் தேங்காய் எடைகூட இல்லாத சாமான், அடுப்பங்கரையில் கை காட்டினாற்போல் சூடு தருகிறது. பொய்க் கனத்தை ஆயுள் முழுக்க எதிர்த்து வந்தவருக்கு, கனமே இல்லாத மெய் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

இவ்வளவும் எதற்கு என்றால், புவனாவுக்காக.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புவனாவுக்கு வலது மார்பில் கட்டி வந்தது. கோயமுத்தூரிலேயே அறுவை சிகிச்சை. அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். பிறகு மாதக்கணக்கில் ஊசி மருந்து. அந்த மருந்து ஏறுகிற நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் ஏதோ மருந்துக் கம்பெனியின் காலண்டர் தொங்கியது. பச்சைப் புல்வெளி, அதற்குப் பின்னால் வெள்ளை மலை. வாந்தி வந்தாலும் மயக்கம் வந்தாலும் புவனா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாதம் மாறியும் யாரும் தாளைக் கிழிக்கவில்லை, நல்லவேளை. ஒருநாள், "இங்க போகோணுமுங்க" என்றாள். தலையில் ஒரு முடி இல்லை, நாக்கில் ருசி இல்லை, ஒரு இட்லி உள்ளே போக ஒரு மணி நேரம். அந்த நிலையில் ஒருத்தி மலைக்குப் போக வேண்டும் என்கிறாள். போலாம் புள்ள என்று தம்பிதுரை சொன்னார். அப்போது அவள் எதைக் கேட்டாலும் அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

தேறி வந்த பிறகு அவள் அதை மறக்கவில்லை. ஈரோட்டில் காலையில் நடக்கிற பெண்கள் ஒரு கூட்டமாக உத்தரகாண்டுக்குக் கிளம்புவது தெரிந்ததும் பேர் கொடுத்துவிட்டாள். கூடவே வருவேன் என்று தம்பிதுரையும் பேர் கொடுத்தார். டாக்டரம்மா மறுக்கவில்லை. நல்லா நடங்க, மலையும் ஏறுங்க, ஆனால் தோளில் ஏறுகிற பை எல்லாம் சேர்த்து ஐந்து கிலோவைத் தாண்டக்கூடாது, தாண்டினால் வலது கை வீங்கும், வீங்கிவிட்டால் அப்புறம் இறங்காது என்றார். அந்தக் கையில் புவனா ஏற்கெனவே முழங்கைக்கு மேல்வரை இறுக்கமான உறை ஒன்று போட்டிருந்தாள்.

அங்கே கோவேறு கழுதை கிடைக்கும், பையை அதில் ஏற்றிவிடலாம் என்றார்கள். நான் தூக்கிக்கறேன் என்றார் தம்பிதுரை. இரண்டுக்கும் புவனா தலையாட்டவில்லை.

"ரெண்டு வருசமா எனக்குத் தண்ணிச் சொம்பக்கூட யாராச்சும் எடுத்துத்தான் குடுத்தீங்க. குத்தம் சொல்லலீங்க. ஆனா இதைய நானே தூக்கோணும். முடியலைன்னா நான் போகவே இல்லை."

அதனால்தான் ஐந்து கிலோ. அதற்குள் புவனாவின் மலை முழுவதும் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மலை இல்லை.

"சரிங்க்கா, ஊட்டுல இருந்து கொண்டு வந்ததை எறக்குங்க" என்றாள் ரிஃபத்.

புவனா பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தாள். துருக்கித் துண்டு. சூடு தாங்கும் ஃபிளாஸ்க். மூன்றடுக்கு டிபன் பாக்ஸ். குடிக்க எவர்சில்வர் டம்ளர். தேங்காயெண்ணெய் முழுப் பாட்டில். கண்ணாடி, சீப்பு, மாற்றுச் சீப்பு. ஒரு தூக்குப் போசி நிறையக் கச்சாயம், எண்ணெயில் சுட்ட வெல்லப் பலகாரம். எல்லாவற்றுக்கும் அடியில், தம்பிதுரையின் சொந்தத் தறியில் ஓடிய, கெட்டிக்குப் பேர்போன சென்னிமலைப் போர்வை. அதை மட்டும் அவரே எடுத்து வைத்தார், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் மகளை நிறுத்துகிற மாதிரி.

ரிஃபத் எதையும் குறை சொல்லவில்லை. கொக்கித் தராசில் எல்லாவற்றையும் கட்டித் தூக்கினாள். ஐந்து கிலோ எல்லாம் எப்போதோ ஓடிப்போயிருந்தது.

"கச்சாயம் எதுக்குங்க்கா இத்தனை?"

"நாலு பேர்த்துகூடப் போறமல்லங்க. வெறுங்கையோட எப்புடிப் போறது? வாயில ஏதாச்சும் போடுங்கன்னு நீட்ட வேண்டாமா?"

"ஃபிளாஸ்க்?"

"ஒருவேளை சுடுதண்ணி கெடைக்காமப் போயிட்டா."

"ரெண்டாவது சீப்பு?"

"ஒருவேளை ஒண்ணு தொலைஞ்சு போயிட்டா."

"போர்வை?"

இதற்குத் தம்பிதுரை பதில் சொன்னார். "ஒருவேளை உங்க வாத்து முடி பத்தலைன்னா, அம்மணி?"

"சாமான்ல ஒண்ணும் அவ்வளவு கனமில்லீங்ணா. இந்த ஒருவேளைதான் கனம்" என்றாள் ரிஃபத். "அதையெல்லாம் இங்கயே எறக்கி வெச்சுட்டு வாங்க. போறது ஒரு தடவை."

அதற்கப்புறம் நடந்ததைத் தம்பிதுரை பிரமிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுப் பையே ஒரு கிலோ இல்லை. தூக்கிப் பார்த்தால் மஞ்சள் பை மாதிரி இருக்கிறது, இழுத்துப் பார்த்தால் கிழியமாட்டேன் என்கிறது. இடுப்பில் பட்டை ஒன்று, அதைக் கட்டினால் சுமை தோளை விட்டு இடுப்பில் இறங்கிவிடும். படுக்கை, ஒரு சுரைக்காய் அளவு சுருட்டி உறைக்குள் அடைத்தது, பிரித்து உதறினால் கட்டில் நிறைய உப்பி எழுகிறது. மழைச்சட்டை கைப்பிடிக்குள் அடங்குகிறது. டம்ளருக்குப் பதிலாக டைட்டானியத்தில் ஒரு குவளை. புவனா அதைத் தட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், பிளாஸ்டிக் இல்லை என்று உறுதியான பிறகுதான் சம்மதித்தாள். எண்ணெய் ஒரு சின்னச் சிமிழில். சீப்பு ஒன்று, அதுவும் பாதி. கச்சாயம் ஆளுக்கு ஒன்று, முதல் நாளே கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும் என்ற கட்டளையோடு.

தண்ணீரோடு சேர்த்து நிறுத்தபோது ஐந்து கிலோவைத் தொட்டும் தொடாமலும் முள் நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. இப்போது சரியாக இருந்தால் மட்டும் போதாது, அங்கே மழையில் பை நனைந்தால் எடை கூடும் என்றாள் ரிஃபத். இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும். மூவரும் மேஜையைப் பார்த்தார்கள். எடுக்க எதுவும் இல்லை.

புவனா கழுத்துக்குக் கை கொண்டுபோனாள். தாலிக்கொடியைத் தூக்கி மேஜைத் தராசில் வைத்தாள். சொந்தபந்தம் பார்த்துப் பெருமூச்சு விடுகிற கனத்தில் போட்ட கொடி அது. போட்டவர் தம்பிதுரை.

"மஞ்சக் கயித்துல கோத்துக்கறனுங்க. ஊருக்குப் போறப்ப எல்லாரும் பண்றதுதானே."

"அதுவுமா புள்ள கனம்?"

"கனந்தானுங்க" என்றாள் புவனா. கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

தம்பிதுரைக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. கழுத்தில் கிடப்பது பைக்குள் வராது, அது வேறு கணக்கு என்று ரிஃபத் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு ஜோடிக் காலுறையை எடுத்து வெளியே வைத்தாள், முள் சாய்ந்தது. பிறகு பையைத் தரையில் நிறுத்தி, "நீங்களே எடுத்து மாட்டுங்க்கா" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

புவனா இடது கையால் பையைத் தூக்கி, முட்டியில் ஒரு நிறுத்தம் நிறுத்தி, முதுகுக்கு ஏற்றினாள். இடுப்புப் பட்டையைக் கட்டினாள். கடைக்குள் இரண்டு சுற்று நடந்தாள். மருந்துக்கு அப்புறம் முளைத்த குட்டை முடியோடு, உறை போட்ட கையோடு, முதுகில் ஆரஞ்சுப் பையோடு கண்ணாடி முன்னால் நின்றாள். கல்யாணப் புடவையில்கூட அவள் தன்னை அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. தம்பிதுரைக்கு அந்த முகம் ஆயுசுக்கும் மறக்காது என்று தோன்றியது.

தோன்றி என்ன பிரயோஜனம்? மறந்துவிட்டார். பயம் வந்தால் மனிதனுக்கு எல்லாம் மறக்கும்.

பழகிப் பார்க்க வேண்டும், ஏதாவது ஒரு மலையில் முழுப் பையோடு ஏறி இறங்கிவிட்டு எனக்கு ஃபோன் பண்ணுங்கள் என்று ரிஃபத் சொல்லியிருந்தாள். மலையை எங்கே தேடுவது, சென்னிமலை இருக்கிறது. தறி ஓடுகிற சந்திலிருந்து பார்த்தாலே முருகன் கோயில் தெரியும். மறு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் புவனா துணி தேய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது வலது கை மணிக்கட்டில் உறையின் விளிம்பு பதிந்து சிவந்திருந்ததைத் தம்பிதுரை பார்த்தார். வெயிலுக்கு அப்படித்தான் இருக்குமுங்க என்றாள் அவள். ஆனால் அந்தச் சிவப்பு அவர் கண்ணை விட்டு அகலவில்லை. டாக்டரம்மா சொன்ன ஐந்து கிலோ அவர் காதில் ஐம்பது கிலோவாகக் கேட்க ஆரம்பித்தது.

காலையில் புவனா குளிக்கப் போன நேரத்தில் கட்டிவைத்த பையை அவிழ்த்தார். படுக்கையை உருவினார். மழைச்சட்டை, மாற்றுத் துணி, வாத்து முடிச் சட்டை, விரிப்பு எல்லாவற்றையும் உருவித் தன் பைக்குள் அமுக்கினார். மேலே தண்ணீரையும் குவளையையும் மட்டும் விட்டார். பை தொளதொளவென்று சரிந்தது. அதற்கு என்ன செய்வது? போர்வை வியாபாரியின் மூளை. கட்டிலிலிருந்து தன்னுடைய இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்து உள்ளே திணித்தார். பை கும்மென்று நிமிர்ந்தது. தட்டிப் பார்த்தார். வெளியிலிருந்து பார்த்தால் முருகனுக்கே தெரியாது.

விடியும்போதே மேகம் போட்டிருந்ததால் வெயில் இல்லை. அடிவாரத்தில் பூ விற்கிற ரங்கம்மாளிடம் கதம்பம் வாங்கி வைத்துக்கொண்டு புவனா முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டாள். தம்பிதுரை பின்னாலேயே ஏறினார், புடைத்த பையோடு. மண்டபத்துக்கு மண்டபம் அவர்தான் உட்கார்ந்தார். அவள் நின்றபடியே ரெண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். "கனமே தெரியலீங்க" என்று ஒரு திருப்பத்தில் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். தம்பிதுரை படியைப் பார்த்துக்கொண்டார்.

உச்சிக்கு வந்ததும் அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே சென்னிமலை ஊர், ஓட்டு வீடுகள், தறிக் கொட்டகைகள், அதற்கப்பால் வெளிறிக் கிடந்த பூமி. புவனாவின் கண் நிறைந்துவிட்டது.

"தூக்கிட்டு வந்துட்டனுங்க. நானே தூக்கிட்டு வந்துட்டேன்."

அருகில் நின்ற யாரோ ஒரு குடும்பத்திடம்கூட அதைச் சொன்னாள், முன்பின் தெரியாதவர்களிடம். அவர்களும் நல்லதுங்க என்று சிரித்தார்கள். தம்பிதுரைக்கு நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது. சொல்லிவிடலாமா என்று நினைத்தார். கீழே போய்ச் சொல்லிக்கொள்ளலாம், சொல்லாமலே விட்டுவிடலாம், எத்தனையோ வழி இருந்தது. வானத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. சித்திரை மழை சடசடவென்று இறங்கியது.

எல்லாரும் மண்டபத்துக்கு ஓடினார்கள். புவனா ஓடவில்லை. மழை வந்தால் என்ன செய்வது என்று ரிஃபத் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவள் அமைதியாகப் பையை இறக்கி, வாயை அவிழ்த்து, மழைச்சட்டைக்குக் கை விட்டாள்.

தலையணை வந்தது.

நீலக் கோடு போட்ட உறை. நடுவில் தம்பிதுரையின் தலை எண்ணெய் பிடித்த பழுப்பு வட்டம். மண்டபத்தில் நின்ற குழந்தை ஒன்று சிரித்தது, கூடவே பெரியவர்களும் சிரித்தார்கள். மலைக்குத் தலையணை தூக்கிக்கொண்டு வந்த அம்மாவைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். புவனா தலையணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். கதம்பத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு கணவனின் புடைத்த பையைப் பார்த்தாள். அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கையி வீங்கிப் போயிருமோன்னு..." என்று தம்பிதுரை ஆரம்பித்தார்.

"வீங்குனா நான் சொல்ல மாட்டனாங்க? டாக்டரம்மா பேச்சை நீங்க நம்பலை. என்ர ஒடம்பையும் நம்பலை."

தலையணையை வாங்க அவர் கை நீட்டினார், அவள் விடவில்லை.

"யாருக்கும் கஞ்சி ஏத்திக் குடுத்ததில்லைன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்களே" என்றாள் புவனா. குரல் உயரவே இல்லை. "எனக்கு மட்டும் ஏனுங்க ஏத்திப்போட்டீங்க?"

தம்பிதுரையை அதுவரை வாழ்க்கையில் யாரும் அப்படி அடித்ததில்லை. வரிக்காரன் அடித்ததில்லை, மார்க்கெட் அடித்ததில்லை. வாங்குகிறவன் கையில் பொய்க் கனத்தைக் கொடுக்கிறவனைப் பார்த்து எத்தனை முறை காறித் துப்பியிருப்பார். அவரே இப்போது தன் பெண்டாட்டி கையில் பொய் லேசைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். அவள் சற்று முன்னால் பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அது முதல் துவையலில் போய்விட்டது.

அவள் தன் சாமான்களைக் கேட்டு வாங்கினாள். படுக்கை, விரிப்பு, ஊதாச் சட்டை, மாற்றுத் துணி. ரிஃபத் சொன்ன வரிசையிலேயே அடியில் வைக்க வேண்டியதை அடியில் வைத்து அடுக்கினாள். மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டாள். தீர்ந்த தண்ணீரைக் குழாயில் நிரப்பிக்கொண்டாள், ஒரு வாய்கூடக் குறையாமல். பையை மாட்டிக்கொண்டு தலையணையை அவரிடம் நீட்டினாள். பிறகு இறங்க ஆரம்பித்தாள். சந்நிதிக்குள் போகவில்லை. தம்பிதுரை தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழியெல்லாம் ஏறி வருகிறவர்களின் பார்வையை வாங்கிக்கொண்டு, பின்னால் வந்தார்.

அடிவாரத்துக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. காரைக் கொண்டு வருவதற்காக அவர் சாவியை எடுத்தார்.

"ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், வா புள்ள. நனைஞ்சு போயிட்டே."

புவனா இடுப்புப் பட்டையை இன்னொரு பிடி இறுக்கினாள்.

"நீங்க உக்காருங்க. நான் இன்னும் ஏறவே இல்லையே."

சொல்லிவிட்டுத் திரும்பி, மறுபடியும் முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டாள். தம்பிதுரை கூடப் போக ஓரடி வைத்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் நின்றுவிட்டார். முட்டி வலிதான் காரணம் என்று பிறகு யாரிடமாவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் படிகள் அவளுடையவை, அவ்வளவுதான்.

ரங்கம்மாள் கடைப் பக்கத்தில் நனையாத ஒரு கல்லில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புவனா இந்த முறை மெதுவாக ஏறினாள். முதல் மண்டபத்திலேயே நின்றாள். உறை போட்ட கையை ஒருமுறை தலைக்கு மேல் தூக்கி, விரல்களை மடக்கி நீட்டினாள், டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த மாதிரி. இறங்கி வந்துவிடுவாளோ என்று அவர் எழுந்து நின்றார். வந்துவிட்டால் நல்லது என்று மனதின் ஒரு பாதி சொன்னது. வந்துவிடக்கூடாது முருகா என்று இன்னொரு பாதி வேண்டிக்கொண்டது. அவள் மூச்சு வாங்கினாள், தண்ணீர் குடித்தாள், ஏறினாள். மரம் மறைத்தது. அப்புறம் மேலே ஒரு திருப்பத்தில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. மறைந்தது. தெரிந்தது.

தம்பிதுரைக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஊதாச் சட்டையைக் கையில் வைத்திருந்தபோது வந்த அதே திகைப்பு, ஆனால் இது பெரிது. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். காலையில் காப்பி கொடுக்கிற கை, வரவு செலவு கேட்கிற குரல், இதற்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பது அவர் விரலுக்குத் தெரியாமலே போயிற்றே. கத்தி வைத்தார்கள், மருந்தை ஏற்றினார்கள், முடியைப் பிடுங்கினார்கள், இரண்டு வருஷம் கல்லில் அடித்துத் துவைத்த மாதிரி துவைத்தார்கள். அலசிப்போட்டு நிறுத்துப் பாருங்க என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், வீட்டில் இருந்ததை ஒருநாளும் நிறுத்துப் பார்க்கவில்லை. இப்போது அது கண் முன்னால் படியேறிப் போய்க்கொண்டிருந்தது. அவர் எட்டாத உயரத்துக்கு அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலித்தது, பார்வையை எடுக்கவில்லை.

கடைசித் திருப்பத்தில் ஆரஞ்சுப் புள்ளி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு மேலே போய் மறைந்தது.

ரங்கம்மாளும் பூக் கட்டுவதை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இப்பத்தான எறங்கி வந்தாங்க? மறுக்கா ஏறிப் போறாங்களே, வேண்டுதலுங்களா?"

தம்பிதுரை தலையணையின் உறையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தினார்.

"மறுக்கா இல்லீங்க" என்றார். "இப்பத்தான் மொத தடவை ஏறறாங்க."